ஒரே பையில் வந்தவை

2014இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஆஷ்வில் நகரில், நன்கொடையாக வரும் துணிகளை எடைபோட்டு விற்கும் ஒரு கடையில் ஒரு தம்பதி பழைய ஸ்வெட்டர் ஒன்றை வாங்கினார்கள். எடைக்கு வந்த கணக்கு 58 சென்ட். முன்பக்கம் 'வெஸ்ட் பாயிண்ட்' என்று எழுத்து. உள்ளே தைத்திருந்த சிறு துணிப்பட்டியில் 'லொம்பார்டி' என்று ஒரு பெயர். பிறகு ஒருநாள் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி பற்றிய ஆவணப்படம் பார்க்கும்போது, அதே மாதிரி ஸ்வெட்டரை அவர் போட்டிருக்கும் பழைய படம் திரையில் வந்தது. எழுந்துபோய்ப் பட்டியைப் பார்த்திருக்கிறார்கள். 2015 பிப்ரவரியில் அது ஏலத்தில் 43,020 டாலருக்குப் போனது.

இந்தச் செய்தியைப் பகிர்கிறவர்கள் அந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்வார்கள். என் மனதில் நின்றது அந்தத் துணிப்பட்டி. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் லொம்பார்டியோடு வேலை பார்த்த இன்னொரு பயிற்சியாளரின் வீட்டிலிருந்துதான் அந்த ஸ்வெட்டர் கடைக்கு வந்திருந்தது. அந்த வீட்டிலிருந்து இன்னும் என்னென்ன வந்தன, அவை எந்த அலமாரிக்குப் போயின, யார் வாங்கிப் போனார்கள்? பட்டி மட்டும் சலவையில் உதிர்ந்திருந்தால் ஸ்வெட்டரும் அந்த வரிசையில் சேர்ந்து காணாமல் போயிருக்கும்.

பழைய பொருள் கடைகளில் விளையாட்டு தொடர்பான பழைய பொருட்களைத் தேடுவது எனக்குப் பல வருடப் பழக்கம். வீட்டில் ஒரு பெரியவர் இறந்தபிறகோ, பெரிய வீட்டிலிருந்து சிறிய வீட்டுக்கு மாறும்போதோ, அவருடைய சாமான்கள் மொத்தமாகப் பெட்டியிலும் பையிலும் கட்டிக் கடைக்கு வருகின்றன. கடையின் பின்கட்டில் அவற்றைப் பிரிக்கிறவர்கள் துணியைத் துணியோடும், புத்தகத்தைப் புத்தகத்தோடும், கண்ணாடியைக் கண்ணாடியோடும் சேர்க்கிறார்கள். அவர்கள் வேலை அப்படித்தான் நடக்க முடியும், அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு மனிதரின் விளையாட்டு வாழ்க்கை கடையின் நான்கு மூலைக்கும் சிதறிவிடுகிறது. கிளப் பிளேசர் கோட்டு வரிசையில் தொங்கும். கோப்பை பூச்சாடிகளுக்கு நடுவே நிற்கும். அணிப் புகைப்படம் படச்சட்டக் குவியலில் கிடக்கும், அதில் ஒட்டிய விலை சட்டத்துக்குத்தான். ஆட்டத்தன்று மைதானத்தில் விற்கும் சிறு புத்தகங்களான மேட்ச் புரோகிராம்கள் பழைய பத்திரிகைகளின் அடியில்.

அதனால் ஒன்று கண்ணில் பட்டால் நான் அதோடு நிறுத்துவதில்லை. அதன் கூடப்பிறந்தவை எங்கே என்று கடை முழுக்கச் சுற்றுவேன். ஒரு கிளப் டையில் பார்த்த சின்னம், புத்தக அலமாரியில் ஒரு கிரிக்கெட் ஆண்டு மலரின் முதல் பக்கத்தில் முத்திரையாக இருக்கலாம். அந்தப் பக்கத்தில் மையில் எழுதிய பெயர், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் பதக்கத்தின் பின்புறம் செதுக்கியிருக்கலாம். இப்படி மூன்று பொருள் சேர்ந்தால் போதும், அந்த மனிதர் எந்த விளையாட்டை ஆடினார், எந்த வருடங்களில், பந்து போட்டவரா ஸ்கோர் எழுதியவரா என்பதுவரை தெரியத் தொடங்கும். விலை உயர்ந்த ஒற்றைப் பொருளைக் கண்டெடுப்பதைவிட இதில்தான் எனக்குப் பரவசம் அதிகம்.

ஆனால் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் காலத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பொருட்கள் தங்கள் வயதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கின்றன. மர டென்னிஸ் ராக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மர ராக்கெட்டால் கடைசியாக ஒரு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்றவர் 1983இல் பிரெஞ்சு ஓபன் ஜெயித்த யானிக் நோவா. அதற்குப் பிறகு கிராஃபைட் ராக்கெட் மரத்தை முழுவதுமாகத் தள்ளிவிட்டது. கழுத்தில் ஏதோ ஒரு சாம்பியனின் பெயர் அச்சிட்ட மர ராக்கெட் கிடைத்தால் அதை அவர் தொட்டதாக எண்ண வேண்டாம். பொதுமக்களுக்குக் கடையில் விற்ற மாடல் அது, ஏராளமாகச் செய்தார்கள். ஆனால் அதைப் பிடித்து ஆடிய யாரோ ஒருவர் கைப்பிடித் தோலைத் தன் கைக்கு ஏற்றபடி மறுபடி சுற்றியிருப்பார். மரம் வளையாமலிருக்க நான்கு மூலைத் திருகோடு ஒரு சட்டத்தில் பூட்டி வைத்திருப்பார். அந்தச் சட்டத்தோடு சேர்ந்து கிடைக்கிற ராக்கெட்டைத்தான் நான் வாங்குவேன்.

டென்னிஸ் பந்தின் நிறமும் சாட்சி சொல்லும். சர்வதேசக் கூட்டமைப்பு மஞ்சள் பந்தை 1972இல் ஏற்றுக்கொண்டது, விம்பிள்டனுக்கு அது 1986இல்தான் வந்தது. கால்பந்தில், கறுப்பும் வெள்ளையுமாக 32 துண்டுகள் தைத்த பந்து உலகத்தின் மனதில் பதிந்தது 1970 மெக்சிகோ உலகக் கோப்பையின் டெல்ஸ்டார் பந்தோடு. வாயைக் கயிறு போட்டு இறுக்கிய தோல் பந்து அதற்கு முந்திய தலைமுறை. ஆனால் அலங்காரத்துக்கென்றே புதிதாகத் தைத்து, பழுப்பேற்றி விற்கும் கயிற்றுப் பந்துகளும் கடைகளில் நிறையப் புழங்குகின்றன. விளையாடித் தேய்ந்த தோல் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் தேய்ந்திருக்கும். செய்த பழுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும்.

ஜெர்சியில் முதலில் பார்க்க வேண்டியது முதுகை. ஆங்கில பிரீமியர் லீக்கில் வீரர்களின் பெயரும் நிலையான எண்ணும் 1993-94 பருவத்தில் வந்தன. கிரிக்கெட் உலகக் கோப்பையில் வண்ண உடையும் முதுகில் பெயரும் 1992இல். டெஸ்ட் கிரிக்கெட்டின் வெள்ளைச் சட்டையில் பெயரும் எண்ணும் 2019 ஆஷஸ் தொடரில்தான் ஏறின. ஆகவே தொண்ணூறுகளின் டெஸ்ட் சட்டை என்று ஒன்றைக் காட்டி, அதன் முதுகில் பெயரும் இருந்தால், அங்கேயே பேச்சு முடிந்தது. பிறகு உள்பக்கம் திருப்பி லேபிளைப் பார்க்க வேண்டும். தையல், துவைக்கும் குறிப்பு, தயாரித்த நாடு, சின்னத்தைத் தைத்திருக்கிறார்களா ஒட்டியிருக்கிறார்களா என்பவை எல்லாம் காலத்தைக் காட்டும்.

அமெரிக்க பேஸ்பால் பந்தில் இது இன்னும் துல்லியம். 1999 வரை அங்கே நேஷனல், அமெரிக்கன் என்ற இரண்டு பெரிய லீகுகளும் தனித்தனிப் பந்து வைத்திருந்தன, அதில் அந்தந்த லீக் தலைவரின் பெயரை அச்சிடுவார்கள். வாரன் ஜைல்ஸ் நேஷனல் லீக் தலைவராக இருந்தது 1951 முதல் 1969 வரை. புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் பேப் ரூத் இறந்தது 1948இல். ஜைல்ஸ் பெயர் அச்சிட்ட பந்தில் ரூத் கையெழுத்து இருந்தால் அதைப் போட்டது வேறு யாரோ. பேனாவிலும் இதே கணக்கு உண்டு. ஷார்ப்பி என்ற மார்க்கர் பேனா கடைக்கு வந்தது 1964இல். இன்னொரு பேஸ்பால் வீரர் டை காப் 1961இல் இறந்துவிட்டார், ஷார்ப்பியில் அவர் கையெழுத்து இருக்க முடியாது. இந்த மாதிரித் தேதிகளை நான் நோட்டில் எழுதிக்கொண்டே வருகிறேன், ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறக்கிறது அல்லது சாத்துகிறது.

புறஊதா விளக்கு ஒன்றும் கையில் வைத்திருப்பேன். 1950களிலிருந்து காகிதத்திலும் துணியிலும் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் அந்த ஒளியில் நீலமாக மின்னும். 1920களின் புரோகிராம் என்று சொல்லும் காகிதம் மின்னினால் அது மறுபதிப்பு. துணிக்கு இந்தச் சோதனையை அப்படியே நம்ப முடியாது. பழைய துணியையும் யாராவது புதிய சலவைத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் மின்னும், ஏனென்றால் அந்த ரசாயனம் தூளிலும் இருக்கிறது.

கோப்பைகளின் அடியைத் திருப்பிப் பார்க்காமல் நான் நகர்வதே இல்லை. 'இ.பி.என்.எஸ்.' என்று இருந்தால் நிக்கல் கலவை உலோகத்துக்கு வெள்ளி முலாம். பிரிட்டிஷ் வெள்ளி என்றால் நடக்கும் சிங்கம், சோதனை நடந்த நகரத்தின் சின்னம், வருடத்துக்கு ஓர் எழுத்து என்று முத்திரைகள் இருக்கும். பர்மிங்காமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம், அதன் பிறகு ரோஜா. வெள்ளியா முலாமா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, அதில் பெயர் செதுக்கியிருக்கிறதா என்பது. பெயர் செதுக்கிய கோப்பையைப் பலர் வேண்டாம் என்று ஒதுக்குகிறார்கள், பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி விற்கிறவர்களும் உண்டு. எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. ஒரு மனிதர் ஓடி, மூச்சு வாங்கி, வென்றதற்கு உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்று அந்தச் சின்ன வரியாக இருக்கலாம்.

ஆட்டோகிராஃப் விஷயத்தில் நான் மிகவும் கறார். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற விசாரணையில் போலிக் கையெழுத்துக் கூட்டம் ஒன்றைப் பிடித்தது. அவர்களிடம் கிடைத்த பொருட்களில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லும் பேஸ்பால்கூட இருந்தது. போலிகள் ஒருபக்கம் இருக்க, ஏமாற்றும் எண்ணமே இல்லாமல் பிறந்த பொய்யான கையெழுத்துகளும் ஏராளம். ரசிகர்களுக்கு அனுப்ப அச்சிட்ட கையெழுத்துப் படங்கள், ரப்பர் முத்திரை, ஓய்வறை உதவியாளர் வீரர்களுக்காகப் போட்டுக்கொடுத்தவை, சுற்றுப்பயண அணி மொத்தத்தின் கையெழுத்தையும் ஒரே தாளில் நகலெடுத்துக் கொடுத்தவை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அச்சு புள்ளிபுள்ளியாகத் தெரியும். மை என்றால் கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் அடர்த்தி கூடும், பேனா வேகம் குறைந்த இடத்தில் மை தேங்கும். மையாக இருப்பதாலேயே நிஜம் என்று ஆகிவிடாது, அச்சு இல்லை என்பது மட்டும்தான் அதனால் உறுதியாகும். நிஜமானதெல்லாம் அரிதும் இல்லை. டான் பிராட்மன் தனக்கு வந்த கடிதங்களுக்கு வருடக்கணக்கில் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தவர். அவருடைய உண்மையான கையெழுத்துகள் உலகம் முழுக்க இருக்கின்றன. கையெழுத்தோடு அவர் எழுதிய உறையும் கடிதமும் சேர்ந்து இருந்தால் அது வேறு விஷயம். யாருக்கு, எந்த நாளில், எதற்குப் பதிலாக என்பது அங்கேயே இருக்கும்.

பொருளின் அடையாளம் எப்படி உருவாகிறது என்பதற்கு என் மனதுக்குப் பிடித்த உதாரணம் மரடோனாவின் நீலச் சட்டை. 1986 ஜூன் 22, கால்பந்து உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிரான கால்இறுதி. மெக்சிகோ வெயிலுக்கு இருந்த சட்டை கனமாக இருக்கிறது என்று அர்ஜென்டினா அணியினர் மெக்சிகோ சிட்டி கடை ஒன்றில் லேசான சட்டைகளை வாங்கி, சின்னத்தை அவசரமாகத் தைத்து, வெள்ளி நிற எண்களை இஸ்திரி போட்டு ஒட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் அந்தப் பத்தாம் எண் சட்டையை மாற்றி வாங்கிக்கொண்டார். 2022 மே மாதம் அது ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதற்கு முன் சட்டையின் சின்னம், கோடு, எண் எல்லாவற்றையும் ஆட்டப் புகைப்படங்களோடு நுணுக்கமாக ஒப்பிட்டுத்தான் உறுதி செய்தார்கள். கடையிலிருந்து வந்த சாதாரணச் சட்டை அது. அவசரக் கைவேலைதான் ஒவ்வொரு சட்டைக்கும் தனி முகம் கொடுத்தது. பழைய பொருள் கடையில் கோணலாகத் தைத்த எண்ணோடு ஒரு ஜெர்சி கிடைத்தால் நான் அவசரப்பட்டு ஒதுக்குவதில்லை. யாரோ ஒருவருடைய அம்மா தைத்த எண்ணாக இருக்கும்.

சந்தையின் பார்வையில் பெரும்பாலான பொருட்களுக்கு மதிப்பு கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் அச்சிட்ட பேஸ்பால் அட்டைகள், அதாவது வீரர்களின் படம் போட்ட சிறு அட்டைகள், பெட்டி பெட்டியாக வரும். எல்லோரும் எதிர்கால முதலீடு என்று பத்திரப்படுத்தினார்கள், அதனால் எல்லாமே பிழைத்துக் கிடக்கின்றன, விலை இல்லை. இதற்கு நேரெதிர் டாப்ஸ் நிறுவனத்தின் 1952ஆம் வருடத்து அட்டைகள். விற்காமல் தேங்கியவற்றை 1960இல் நிறுவனமே படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக்கில் கொட்டியது. மிஞ்சியவற்றில், பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அந்த வருடத்து அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு விற்றது. 'லிமிடெட் எடிஷன்' என்று அச்சிட்ட நினைவுத் தட்டுகள், நாணயங்கள், சட்டம்போட்ட படங்கள் பக்கம் நான் போவதே இல்லை. நினைவுப்பொருளாகவே பிறந்தவை அவை, யார் நினைவும் அவற்றில் ஒட்டவில்லை.

மேட்ச் புரோகிராம்களும் ஸ்கோர்கார்டுகளும் என்னை வேறு எதைவிடவும் அதிக நேரம் பிடித்து நிறுத்துகின்றன. லார்ட்ஸ் மைதானத்தில் ஸ்கோர்கார்டைப் பகலில் பலமுறை புதுப்பித்து அச்சிடுவார்கள். அதனால் ஒரு கார்டில் அச்சான ஸ்கோர் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், அதை வாங்கியவர் எந்த நேரத்தில் வாங்கினார் என்பது தெரியும். அதற்குப் பிறகு விழுந்த விக்கெட்டுகளை அவரே பென்சிலால் எழுதியிருப்பார். நடுவில் எழுத்து நின்றுபோயிருந்தால், அவர் கிளம்பிவிட்டார் அல்லது மழை வந்தது. சேகரிப்பவர்கள் எழுதாத சுத்தமான பிரதியைத்தான் கேட்பார்கள். எனக்கு எழுதியதுதான் வேண்டும்.

இதில் ஒரு புரோகிராமைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணி சிதைந்தது. பதின்மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 19 அன்று, ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணியோடு எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். யார் ஆடுவார்கள் என்று புரோகிராம் அச்சாகும்வரை முடிவாகவில்லை. அதனால் யுனைடெட் பக்கத்தில் பதினொரு இடமும் வெறுமையாக விட்டு அச்சிட்டார்கள். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, பார்வையாளர்கள் தங்கள் கையாலேயே எழுதிக்கொண்டார்கள். அன்றைய கூட்டம் பெரியது, அந்தப் புரோகிராம் இன்றும் அவ்வளவு அரிதில்லை. ஆனால் பெயர் எழுதிய பிரதி ஒவ்வொன்றும் தனி. ஒருவர் பெயரைப் பிழையாகக் கேட்டு எழுதி அடித்திருப்பார், இன்னொருவர் இரண்டாவது பெயரோடு நிறுத்தியிருப்பார். வெற்றுப் பிரதிக்கும் எழுதிய பிரதிக்கும் ஒரே விலை என்று வைத்தால் நான் யோசிக்கவே மாட்டேன்.

பராமரிப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய கோப்பையைப் பளபளவென்று தேய்க்காதீர்கள், முலாமும் செதுக்கலும் சேர்ந்தே போகும். காகிதத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். கையெழுத்தை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். துணியை, அது யாருடையது என்று தெரியும்வரை துவைக்காதீர்கள், சலவைக்காரர் குறியும் புல் கறையும் சில சமயம் சாட்சி.

விலையைப் பற்றி எனக்கு ஒரு கொள்கை உண்டு, எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. வாங்கி லாபத்துக்கு விற்பதில் தவறில்லை, அந்த ஸ்வெட்டர் தம்பதி கவனித்துப் பார்த்ததற்குக் கிடைத்த பலன் அது. ஆனால் சேர்ந்து வந்த பொருட்களைப் பிரித்து விற்பது கடைக்காரர் தெரியாமல் செய்ததை நாம் தெரிந்தே செய்வது. பதக்கத்தை ஒருவருக்கும், அதோடு வந்த புகைப்படத்தை இன்னொருவருக்கும் விற்றால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம். அதன் பிறகு அந்த இரண்டையும் யாராலும் சேர்க்க முடியாது. நான் எதைக் கைமாற்றினாலும், எந்தக் கடை, எந்தத் தேதி, கூட என்ன இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வைக்கிறேன். பெயர் இருக்கும் பொருள் என்றால் முதலில் அந்தக் கிளப்புக்கோ பள்ளிக்கோ எழுதிக் கேட்கிறேன்.

பணம் கொடுக்கும் இடத்தில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதுகூட வேற ஏதாவது வந்துச்சா?" பிரிக்கிறவர்களுக்கு அந்த வாரத்துப் பைகள் பெரும்பாலும் ஞாபகம் இருக்கும். சமீபத்தில் ஒரு நீச்சல் கிளப்பின் பெயர் செதுக்கிய முலாம் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் இப்படிக் கேட்டபோது, அங்கிருந்த அம்மா யோசித்துவிட்டு உள்ளே போய், விலை ஒட்டாத செருப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கையால் எழுதிய நேர அட்டைகள், தைக்காத துணிச்சின்னம், மடித்த நாளிதழ்த் துணுக்குகள், ஈரத்தில் ஒட்டிப்போன ஒரு குழுப் படம். கோப்பையில் இருந்த அதே பெண்ணின் பெயர் அட்டைகளிலும் இருந்தது.

கிளப் இன்னும் இயங்குகிறது. எழுதினேன், பதில் வந்தது. அவர்களுடைய வெற்றியாளர் பலகையில் அந்த வருடத்துக்கு நேரே எதுவும் எழுதாமல் விட்டிருந்தார்களாம், பழைய பதிவேடு தொலைந்துவிட்டதால். பெட்டியையும் கோப்பையையும் பிரிக்காமல் ஒன்றாக அனுப்பிவைத்தேன். அந்த வரியை இப்போது எழுதிவிட்டார்கள். அதற்கு அடுத்த இரண்டு வருடங்களும் பலகையில் வெற்றாகவே இருக்கின்றன. துணுக்குகளில் அவற்றுக்கும் பெயர் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், குழுப் படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று பழைய உறுப்பினர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.